இரண்டு வரி மனிதர்கள்

வாழ்க்கை வரலாறு என்று எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் என் கண் கதாநாயகரிடம் அதிக நேரம் நிற்பதில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்களைத் தேடிப் போய்விடும். இக்கட்டான நேரத்தில் கைமாற்று கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் எழுந்து சோறு போட்ட அம்மா, நோயில் கிடந்தபோது கூடவே இருந்த மாணவர், மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்பிய புருஷனுக்குக் கதவைத் திறந்தவள். புத்தகத்தில் இவர்களுக்கு இரண்டு வரி கிடைக்கும். சில பேருக்கு அதுவும் கிடைக்காது. அந்த இரண்டு வரியை எழுதியவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தாலே, மீதி நானூறு பக்கத்தை நம்பலாமா என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பழக்கம் எனக்கு வந்ததற்கு நான் பிறந்த இடம் ஒரு காரணம். காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் வாழ்க்கை வரலாற்றுக்குப் பஞ்சமே கிடையாது. முகப்பில் நுழைந்தால் சுவர் முழுக்கத் தலைப்பாகை கட்டிய படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை: எந்த ஊரில் கடை வைத்திருந்தார், எந்தக் கோயில் திருப்பணி செய்தார், எந்தப் பள்ளிக்கூடத்துக்கு இடம் கொடுத்தார். சாந்திக் கல்யாணம், சதாபிஷேகம் என்று எந்த விசேஷம் வந்தாலும் ஒரு மலர் போடுவார்கள். நான் அவற்றை விடாமல் வாங்கிப் படிப்பேன், இன்றும் படிக்கிறேன். ஆதீனத்தின் ஆசியுரை, வாழ்த்துப்பா, வம்சாவளி, பேரன் பேத்திகள் எழுதிய கட்டுரை. பிள்ளைகள் தகப்பனார் மேல் வைத்திருக்கும் பிரியம் அதில் நிஜமாகவே இருக்கும். ஆனால் நாற்பது மலரையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரே மனிதர் நாற்பது ஊரில் வாழ்ந்தது போலத் தெரியும். அந்த மலர்களில் வீட்டுப் பெண்களான ஆச்சிகள் எல்லாரும் ‘இல்லறத்தை நல்லறமாக்கிய’ ஆச்சிகள். அதற்கு மேல் ஒரு செய்தியும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்த காலத்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் வள்ளல் அழகப்பரைப் பற்றிப் பிள்ளைகளைப் பேச வைப்போம். கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-இல் பிறந்தவர். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். 1948-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். பிள்ளைகள் இதையெல்லாம் ஒரு எண் பிசகாமல் சொல்வார்கள். அவர் 48 வயது நிறைவதற்கு முந்திய நாள், 1957 ஏப்ரல் 5-இல் இறந்துபோனார் என்று சொல்லும்போது மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு தடவை ஒரு பெண் எழுந்து, ‘டீச்சர், அவரை யாரு பாத்துக்கிட்டாங்க?’ என்று கேட்டாள். கொடைகளின் பட்டியல் அத்தனையும் மனப்பாடமாக இருந்த அந்த வகுப்பில் அந்த ஒரு கேள்விதான் எனக்கு வாழ்க்கை வரலாறாகப் பட்டது. நானும் புத்தகத்தைத் திறந்தால் அதைத்தான் கேட்கிறேன்.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ இந்த விஷயத்தில் எனக்கு உரைகல். 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தபோது அவருக்கு 85-ஆவது வயது நடந்துகொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் அவர் காலமானதும் தொடர் நின்றுபோனது. மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு கதை நிற்கிறது. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த நாற்பது சொச்சம் வருஷம் அதில் இல்லை. ஆனாலும் படித்து முடிக்கும்போது எனக்குக் குறை ஒன்றும் தோன்றியதில்லை. அவ்வளவு ஜனம் அந்தப் புத்தகத்தில்.

அவருடைய அப்பா வேங்கடசுப்பையரை எடுத்துக்கொள்ளுங்கள். கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்றவர். ராமாயணம் சொல்லி, அதில் வருகிற வருமானத்தில் குடும்பத்தை ஓட்டியவர். பையனுக்குத் தமிழ் சொல்லித்தர ஒருத்தர் இருக்கிறார் என்று காதில் விழுந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குக் குடிபோய்விடுவார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று அந்தக் குடும்பம் அலைந்த அலைச்சலைப் படிக்கும்போது எனக்கு அந்தப் பையனை விட அப்பாவையே மறக்க முடியவில்லை. தமிழ் படித்தால் சோறு கிடைக்காது என்று ஊரே சொன்ன காலம். மகன் மேல் அந்த மனிதருக்கு இருந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்று கையில் ஒன்றும் இல்லை. எந்த ஊரில் யார் இடம் கொடுத்தார், யார் பாடம் சொன்னார் என்று பெயர் பெயராக, எழுபது வருஷம் கழித்து, அந்தக் கிழவர் நினைவிலிருந்து எடுத்து வைக்கிறார். கடன்பட்டவர் கணக்கை ஒப்படைக்கிற மாதிரி இருக்கும் எனக்கு.

1876 பிப்ரவரி முதல் தேதி, திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் கடைசி நேரம் வருகிற பகுதியை நான் பலமுறை படித்திருக்கிறேன். திருவாசகம் கேட்க வேண்டும் என்று குரு விரும்புகிறார். சீடரான சாமிநாதையர் அதிலிருந்து அடைக்கலப் பத்தை வாசிக்கிறார். குருவின் உடம்பைத் தாங்கிக்கொண்டிருப்பவர் சவேரிநாத பிள்ளை. கிறிஸ்தவர், இவரைப் போலவே பிள்ளையவர்களிடம் பாடம் கேட்டவர். சைவ மடத்து வித்துவான் ஒருவரின் உயிர், திருவாசகம் காதில் விழ, ஒரு கிறிஸ்தவ மாணவரின் கையில் பிரிகிறது. இன்றைக்கு யாராவது எழுதினால் இதை வைத்தே ஒரு அத்தியாயம் ஓட்டிவிடுவார்கள். சாமிநாதையர் அப்படிச் செய்யவில்லை. அங்கே யார் இருந்தார், என்ன செய்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். அந்த இடத்தில் இருந்தது அன்பு மட்டும்தான், அதற்கு விளக்கம் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மாதிரி ஒரு இடத்தைப் படித்த பிறகு அவர் வேறு என்ன சொன்னாலும் நான் நம்புவேன்.

அப்படிப்பட்ட புத்தகத்திலும் மனைவி எனக்கு அகப்படவில்லை. கல்யாணத்தைப் பற்றி விரிவாக இருக்கிறது, அந்தக் காலத்துக் கல்யாணச் செலவு, சடங்கு, ஊர்வலம் எல்லாம் கண்முன் வருகிறது. கல்யாணம் முடிந்ததும் அந்தப் பெண் ஏட்டுச்சுவடிக் கட்டுகளுக்குப் பின்னால் மறைந்துபோகிறார். சிந்தாமணியோடும் பத்துப்பாட்டோடும் இவர் ராப்பகலாக மல்லுக்கட்டிய வருஷங்களில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசை. அந்தக் காலத்து மரியாதை அப்படி, மனைவியைப் பற்றிச் சபையில் பேசமாட்டார்கள் என்று சொல்வார்கள். இருக்கலாம். மரியாதையினால் மறைந்தவர்களும் மறைந்தவர்கள்தானே.

இந்த மரியாதையை உடைத்தவர் காந்தி. ‘சத்திய சோதனை’யை நான் முதலில் படித்தது என் ஆயா வீட்டில், ரா. வேங்கடராஜுலு மொழிபெயர்த்த பதிப்பு. 1898 வாக்கில் டர்பனில் நடந்தது என்று அவரே எழுதுகிற ஒரு சம்பவம் இருக்கிறது. வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தா ஒருவர், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பஞ்சமர் வீட்டில் பிறந்து கிறிஸ்தவரானவர். அவருடைய அறையில் இருந்த மூத்திரச் சட்டியை யாராவது எடுத்துக் கொட்ட வேண்டும். கஸ்தூரிபா அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அழுது சிவந்த கண்ணோடு படியில் இறங்குகிறார். எடுத்தால் மட்டும் போதாது, சந்தோஷமாக எடுக்க வேண்டும் என்று இவர் கத்துகிறார். வாக்குவாதம் முற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கேட்டைத் திறந்து வெளியே தள்ளப் பார்க்கிறார். அம்மா அப்பா சொந்தபந்தம் ஒருத்தரும் இல்லாத தேசத்தில் நான் எங்கே போவேன், உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று அந்த அம்மாள் கேட்கிறார்.

சின்ன வயதில் படித்தபோது எனக்குக் காந்தி மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. இப்போதும் அந்தக் கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஆனால் இத்தனை வருஷத்தில் வேறொன்று கூடச் சேர்ந்திருக்கிறது. அந்தப் படிக்கட்டு, கையில் சட்டி, சிவந்த கண், அவர் கேட்ட கேள்வி, எல்லாம் நமக்குத் தெரிவது அவமானப்பட்டிருக்க வேண்டிய ஆள் தன் கையால் எழுதி வைத்ததனால்தான். ஊர் உலகம் மகாத்மா என்று கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் எழுதுகிறார். கஸ்தூரிபாவின் வாதம் தன்னுடையதை விட வலுவானதாக இருக்கும்படி எழுதுகிறார். எதிராளிக்கு நல்ல வசனத்தைக் கொடுக்கிற சுயசரிதைகள் ரொம்பக் குறைவு. அதே காட்சியில் அந்தக் குமாஸ்தாவுக்குப் பெயர் இல்லை. அடுத்த அறையில் இருந்து அவர் இதையெல்லாம் கேட்டிருப்பாரா? தன்னுடைய சட்டிக்காக ஒரு புருஷனும் பெண்சாதியும் போட்டுக்கொண்ட சண்டையைக் கேட்ட மனிதர் மறுநாள் எப்படி அந்த வீட்டில் காப்பி குடித்திருப்பார்? எனக்கு விடை தெரியாத இந்தக் கேள்வியோடுதான் நான் ஒவ்வொரு தடவையும் அந்த அத்தியாயத்தைத் தாண்டுகிறேன்.

பாலசுந்தரம் வரும் இடமும் அப்படித்தான். ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர். வெள்ளைக்கார எஜமான் அடித்து முன்பல் இரண்டும் உடைந்து, கிழிந்த துணியோடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் முன்னால் நடுங்கி நிற்கிறார். தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறார் காந்தி. அந்த மனிதர் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொள்ளும்போது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை எழுதியிருக்கிறார். ரெண்டு மூணு பக்கம்தான். எங்கள் முகப்புச் சுவரில் தலைப்பாகையோடு இருக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இந்தத் தலைப்பாகை நினைவுக்கு வரும்.

சுவாரஸ்யமான விஷயம், அந்தச் சுயசரிதை நவஜீவனில் வாரா வாரம் வந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1927 செப்டம்பரில், காந்தி செட்டிநாட்டுக்கு வந்தார். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று சுற்றினார். நம்மவர்கள் கதருக்கும் நிதிக்கும் வாரிக் கொடுத்தார்கள். அவரோ வீடுகளில் அடைத்து வைத்திருந்த வெளிநாட்டுச் சாமான்களைப் பார்த்துவிட்டு, மூச்சுவிடக்கூட இடமில்லையே என்கிற தன் மனக்கஷ்டத்தை மேடையிலேயே சொன்னார். இந்த மாளிகைகளை அலங்கரிக்கும் குத்தகையை என்னிடம் கொடுங்கள், பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட வசதியாகச் செய்து தருகிறேன் என்கிற அர்த்தத்தில் பேசினார். எங்கள் வீட்டில் இந்தக் கதையை யாரும் சொன்னதில்லை. காந்தி வந்தார், பணமுடிப்புக் கொடுத்தோம் என்பதுவரைதான் சொல்வார்கள். பெல்ஜியம் கண்ணாடியும் பர்மாத் தேக்கு அலமாரியும் மாதா மாதம் யார் கையால் துடைக்கப்பட்டன என்று தெரிந்த பெண்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் மனசுக்குள் அவருக்கு ஆமாம் போட்டிருப்பார்கள்.

அதே 1927-இல், ஜூன் மாதம், சிறுகூடல்பட்டியில் ஒரு பிள்ளை பிறந்தது. முத்தையா என்று பேர் வைத்தார்கள். பின்னால் காரைக்குடியில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை கூட்டிக் கொடுத்து, நாராயணன் ஆனது. அதற்கும் பின்னால் தனக்குத் தானே கண்ணதாசன் என்று பேர் வைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் பிள்ளை கூட்டுவது அன்றாடம் நடந்த விஷயம். வாரிசு இல்லாத வீட்டுக்கு விளக்கேற்ற ஒரு பிள்ளை வேண்டும், நிறையப் பிள்ளை உள்ள வீட்டில் ஒன்றைக் கொடுப்பார்கள். எழுத்து உண்டு, சடங்கு உண்டு. கவிஞரின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் எல்லாரும் இதை ஒரு வரியில் கடப்பார்கள். எனக்குக் கடக்க முடிவதில்லை. கொடுத்த அம்மா அன்றைக்கு ராத்திரி என்ன செய்தாள்? வாங்கிய அம்மா அந்தப் பிள்ளையை முதலில் என்ன சொல்லிக் கூப்பிட்டாள்?

‘வனவாசம்’ படித்தவர்களுக்குத் தெரியும், அதில் அவர் தன்னை ‘அவன்’ என்றே எழுதுகிறார். 1961-இல் தி.மு.க.வை விட்டு வெளியே வந்தது வரையிலான கதை. தன் பலவீனம் ஒன்றையும் மூடி மறைக்காத தைரியத்துக்காக அதை எல்லாரும் புகழ்வார்கள். நானும் மயங்கித்தான் படித்தேன். அந்த நடைக்கு யார்தான் மயங்கமாட்டார்கள். ஆனால் தன்னை அடித்துக்கொள்கிற உரிமை ஒருவருக்கு முழுசாக உண்டு, அதே பிரம்பை வீசும்போது பக்கத்தில் நிற்பவர் மேலும் படுகிறது என்பதும் உண்மை. அவர் வாழ்க்கையில் வந்துபோன பெண்கள் அந்தப் புத்தகத்தில் அவனுடைய சறுக்கலுக்குச் சாட்சியாக வருகிறார்கள், அவர்களுக்கென்று ஒரு காலைப்பொழுது அதில் கிடையாது. உண்மையைச் சொல்வதும் நியாயமாகச் சொல்வதும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிய வைத்த புத்தகம் அது.

இதற்கு நேர் எதிர் ஏ.கே.செட்டியார். அவரும் கோட்டையூர்க்காரர், 1911-இல் பிறந்தவர். 1937 அக்டோபர் 2-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது 26 வயதுகூட நிறையவில்லை. அதற்காக உலகம் முழுக்க சுமார் ஒரு லட்சம் மைல் சுற்றி, எங்கெங்கோ கிடந்த படச்சுருள்களில் 50,000 அடி சேர்த்தார். படம் 1940-இல் வெளிவந்தது. அந்த அனுபவத்தை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு ஏ.கே.செட்டியார் எப்படி இருந்தார், எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்று கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. படச்சுருள் கொடுத்தவர், கதவைத் திறந்தவர், வழி சொன்னவர், எல்லாரும் இருப்பார்கள். அவர் மட்டும் இருக்கமாட்டார். ‘குமரி மலர்’ பத்திரிகையை எத்தனையோ வருஷம் தனியாளாக நடத்தி, பழைய எழுத்துகளைத் தேடித் தேடி மறுபடி அச்சிட்டார். அதிலும் அவர் குரல் கேட்காது. தன்னடக்கம் என்று எல்லாரும் மெச்சுகிறார்கள், எனக்கும் அவரிடத்தில் பெரிய மரியாதை உண்டு. கூடவே ஒரு வருத்தமும் உண்டு. இன்னொருவரின் வாழ்க்கைக்காக ஒரு லட்சம் மைல் போன மனிதர் தன் வாழ்க்கைக்கு இருபது பக்கமாவது ஒதுக்கியிருக்கலாம். தான் கதாநாயகராக இருந்திருக்க வேண்டிய கதையிலும் இரண்டு வரி மனிதராக நின்றுகொண்டவர் அவர் ஒருவர்தான்.

கோட்டையூரிலேயே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகம் மட்டுமா சேர்த்தார், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர்கள் தூக்கி எறிகிற காகிதம் அத்தனையும் சேர்த்தார். அவர் 1992-இல் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கிக் காப்பாற்றியது. 1994-இல் அது சென்னைக்குப் போய் இன்று ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. பெரிய மனிதரின் வாழ்க்கையைப் புத்தகத்தில் தேடலாம். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் சமைத்தார், யார் நாதஸ்வரம் வாசித்தார் என்பதை இந்த மாதிரிக் காகிதங்களில்தான் தேட வேண்டும்.

என் அப்பத்தாவை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

ஐயா, அதாவது அப்பத்தாவின் புருஷன், பர்மாவுக்குக் கொண்டுவிற்க, வட்டிக்கடைத் தொழிலுக்கு, போனவர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, பெகு பக்கத்தில் சொந்தமாகக் கடை வைக்கிற அளவுக்கு வந்தார். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊர் வருவார், சில மாதம் இருப்பார், மறுபடி கப்பல் ஏறுவார். அவர் எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். எல்லாம் அவருடைய அப்பச்சிக்கு, அதாவது தகப்பனாருக்கு, எழுதியவை. வட்டி நிலவரம், நெல் விலை, யார் யாருக்கு எவ்வளவு உண்டியல் அனுப்பியது, வீட்டு வேலைக்கு வர வேண்டிய தேக்கு எந்தக் கப்பலில் வருகிறது. கடைசி வரியில், வீட்டில் எல்லாரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அந்த ‘எல்லாரும்’ என்பதற்குள் எங்கோ அப்பத்தா இருக்கிறார்.

கல்யாணமாகிச் சில நாளில் அவரை வேறு வைத்துவிட்டார்கள். ஒரே வளவில் தனி அடுப்பு, தனிச் செலவு, தனிக் கணக்கு. அந்தக் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. கோடு போட்ட காகிதம், ஊதா மை, கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்த எழுத்து. பால், கத்தரிக்காய், விளக்கெண்ணெய், பிள்ளைக்குக் கசாயச் சாமான், தையற்காரனுக்குக் கூலி. நடுநடுவே ‘தபால் கவர்’ என்று வரும். மாதம் தவறாமல் வரும், சில மாதம் ரெண்டு மூணு தடவை வரும். அப்பத்தா கடிதம் எழுதியிருக்கிறார்! யாருக்கு என்று நோட்டில் இல்லை, ஆனால் வேறு யாருக்கு இருக்க முடியும். ஐயாவின் கடிதங்களை அவர் அப்பச்சி பத்திரப்படுத்தினார். அப்பத்தாவின் கடிதங்களோ பெகுவில் கடையோடு போய்விட்டன. 1942-இல் ஜப்பான்காரன் வந்து, எல்லாம் விட்டுவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அஸ்ஸாம் வழியாக நடந்து வந்தவர்களில் ஐயாவும் ஒருவர்.

அந்த நோட்டில் ஒரு சித்திரை மாதம் மட்டும் பால் கணக்கு பாதியாகக் குறைகிறது. அடுத்த மாதமும் அப்படியே. விசாரித்ததில், அந்தச் சித்திரையில்தான் மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை தவறிப்போயிருக்கிறது என்று ஒரு பெரியவர் சொன்னார். அந்த மாதம் தபால் கவர் நாலு தடவை வாங்கியிருக்கிறார். ஐயாவின் கடிதக்கட்டில் அந்த வருஷத்துக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். தேக்கு விலை இருந்தது. ஐயா கல்நெஞ்சுக்காரர் என்று நான் சொல்லவில்லை, மகளைப் பற்றித் தன் தகப்பனாருக்கு எழுத அவருக்கு வார்த்தை வந்திருக்காது, வழக்கமும் இருந்திருக்காது. அப்பத்தாவுக்குத் தனியாக எழுதியிருந்தால் அது பெட்டிக்கு வரவில்லை. நான் இதுவரை படித்த எந்தச் சுயசரிதையும் அந்தப் பால் கணக்கு அளவுக்கு என்னைக் கலங்க வைத்ததில்லை.

இந்த நோட்டைப் பார்த்த கொஞ்ச நாளில்தான் கே.ஏ.குணசேகரனின் ‘வடு’வை இரண்டாம் தடவை படித்தேன். இளையான்குடிப் பக்கத்து மாரந்தையில் பிறந்து, நாட்டுப்புறக் கலை ஆராய்ச்சியில் பேர் வாங்கியவர். அவர் எழுதுகிற ஊர்களெல்லாம் எங்களுக்குப் பஸ்ஸில் போகிற தூரம். அதே சிவகங்கைச் சீமை, அதே வெயில். பள்ளிக்கூடத்தில் சாதியைக் கேட்டு எழுந்து நிற்கச் சொல்வது, டீக்கடையில் எந்தப் பாத்திரத்தில் குடிக்கலாம் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருப்பது, பசி. குரலை உயர்த்தாமல் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டைத் தாண்டிப் பின்வாசலுக்குப் போய் நின்றேன். அந்த வாசல் வழியாக மட்டுமே வந்து போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தேன். எங்கள் கதையில் அவர்களுக்கு இரண்டு வரிகூட இல்லை. அவர்களுடைய கதையில் எங்களுக்கு எத்தனை வரி, எந்த மாதிரி வரி என்பதை ‘வடு’ சொல்லிவிட்டது. வாழ்க்கை வரலாறு படிக்கிறவர்கள், முக்கியமாகப் பெரிய வீடுகளில் உட்கார்ந்து படிக்கிறவர்கள், அடுத்தவர் சுயசரிதையில் தங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். எனக்கு அது தேவையாக இருந்தது.

இப்போது சித்தப்பாவின் சதாபிஷேகத்துக்கு மலர் தயாராகிறது. சித்தப்பா மகன்தான் பொறுப்பு. அவன் கெட்டிக்காரன், பொறுமைசாலி, பெரியவர்கள் எல்லாரையும் போய்ப் பார்த்துப் போனில் பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறான். என்னிடம் குடும்ப வரலாற்றுப் பகுதியை எழுதித் தரச் சொன்னான். நான் மூன்று விஷயம் கேட்டேன். அப்பத்தாவின் கணக்கு நோட்டிலிருந்து நாலு பக்கத்தை அவர் கையெழுத்திலேயே படமாகப் போட வேண்டும். அது உடனே சரி என்றான், அவன் மனைவிக்கு அந்தப் பக்கங்களைக் காட்டியபோது கண் கலங்கிவிட்டது என்றும் சொன்னான். இரண்டாவது, பர்மாவிலிருந்து ஐயாவோடு நடந்து வந்த சமையல்காரர். வழியில் ஐயா காய்ச்சலில் விழுந்தபோது தோளில் சாய்த்துக் கூட்டி வந்தவர் அவர்தான் என்று எல்லாரும் சொல்வார்கள், ‘கூட ஒரு ஆள் இருந்தான்’ என்று. அவர் பேரைக் கண்டுபிடித்து ஐயா படத்துக்குப் பக்கத்தில் போட வேண்டும் என்றேன். தம்பி அலைந்து திரிந்து பேரையும் ஊரையும் கண்டுபிடித்துவிட்டான். அவருடைய பேரன் திருப்பத்தூரில் இருக்கிறாராம், விசேஷத்துக்கு அழைப்பு வைத்திருக்கிறான்.

மூன்றாவதில்தான் முட்டுகிறது.

பர்மாவைப் பற்றி நம் வீடுகளில் சொல்கிற கதை, போனோம், உழைத்தோம், கட்டினோம், எல்லாம் போய்விட்டது, நடந்து வந்தோம் என்பது. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938-இல் 25 சதவீதம். நம்மவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. அவர்களுக்கு வேண்டியது ரொக்கம், வட்டி. உலகச் சந்தையில் நெல் விலை சரிந்தது, கடன் வாங்கிய விவசாயியால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கடைக்கு வந்து சேர்ந்தது. நம் கதையில் இழப்பு 1942-இல் ஆரம்பிக்கிறது. அந்த விவசாயிக்கு அது பத்து வருஷம் முன்னாலேயே முடிந்துவிட்டது. அவர் நம் எந்த மலரிலும் இரண்டு வரியாகக்கூட வந்ததில்லை. ஐயா கொண்டுவந்த காகிதங்களில் ஒரு சிட்டை இருக்கிறது, அதில் நிலம் வந்த வகை என்று எழுதி, ‘மவுங்’ என்று தொடங்கும் பர்மியப் பேர்கள் சில, தமிழ் எழுத்தில். ஏக்கர், தேதி, பாக்கி.

‘ஆச்சி, விசேஷ வீட்டு மலர்ல இது எதுக்கு? அப்பச்சி வருத்தப்படுவாக’ என்றான் தம்பி.

‘அப்பச்சிகிட்ட நானே படிச்சுக் காட்டுறேன்ப்பா’ என்றேன்.

போன வாரம் போய்ப் படித்துக் காட்டினேன். சித்தப்பா கண்ணை மூடிக் கேட்டார். அந்தப் பேர்களைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். அதில் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார், சின்னப் பையனாகப் பெகுவில் இருந்தபோது அவர் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்த ஞாபகம் இருக்கிறதாம். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். போடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தம்பி அதை வேண்டாம் என்பதாக எடுத்துக்கொள்கிறான், நான் போடு என்பதாக எடுத்துக்கொள்கிறேன். அச்சகத்துக்குக் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. பேர்களைப் பிழை இல்லாமல் தட்டச்சு செய்து, சித்தப்பா சொன்ன அந்தத் திருவிழாவையும் சேர்த்து, நேற்று ராத்திரி அவனுக்கு மறுபடி அனுப்பியிருக்கிறேன்.